மாஸ்க் அக்காவும் ஜோடி டியூபுகளும்

“ஜோடி எங்க?” என்று கேட்டபடியே மாஸ்க் அக்கா ஒரு டியூபை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். உள்ளே இருப்பது வெளிர்மஞ்சள் நீர். யாருடைய நுரையீரலையோ சுற்றிச் சேர்ந்திருந்ததை ஊசி போட்டு இழுத்து அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த வார்டு ஊழியர் தலையைச் சொறிகிறார். “தனியா வந்தா சேர்த்துக்க மாட்டேன். போய் ரத்தத்தையும் கூட்டிட்டு வாங்க.”

ஆய்வுக்கூடத்தில் அவர் வைத்த சட்டம் இது. நீரும் ரத்தமும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் வந்தாக வேண்டும். நீரில் இருப்பதை ரத்தத்தில் இருப்பதோடு ஒப்பிட்டால்தான் அது எதனால் சேர்ந்தது என்று ஓரளவு பிடிபடும். இதயம் சோர்ந்து கசிந்ததா, காசநோயா, அல்லது வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத புற்றுநோயா? கடைசியாகச் சொன்னதைச் சந்தேகித்தால் ரத்தத்திலும் நீரிலும் தேடும் அடையாளப் பொருள்களுக்கு ‘மார்க்கர்’ என்று பெயர். அக்கா அவற்றை முழுசாக நம்புவதில்லை. “ஏறியிருந்தா சந்தேகப்படலாம். ஏறலைன்னா போர்த்திட்டுத் தூங்கலாம்னு அர்த்தமில்ல. அதுவும் நம்மள மாதிரிதான், எல்லா நேரமும் உள்ளதைச் சொல்லாது” என்பார்.

நான் அடுத்த சன்னலில் ரசீது போடுகிறவன். நடுவில் கண்ணாடித் தடுப்புதான் என்பதால் அக்காவின் சேட்டைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு அறை முழுக்கத் தேடுவார். இயந்திரம் மக்கர் செய்தால் முதுகில் தட்டி, “என் ராசா இல்ல, இன்னும் ரெண்டே ரெண்டு” என்று கெஞ்சுவார். மனிதர்களுக்கு அந்தக் கொஞ்சல் கிடைக்காது. எங்களுக்குக் கிடைப்பது திட்டும், சாப்பாட்டு டப்பாவில் பாதியும்.

மாஸ்க் வந்த கதையை அவரே ஒருநாள் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்தில் யாரோ அடித்த ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டே ரிப்போர்ட்டை நீட்டியிருக்கிறார். வாங்கிய பெண் அந்தச் சிரிப்பையே நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு, அங்கேயே நின்று வீட்டுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். சேதி நல்லதாக இல்லை. அன்று போட்ட மாஸ்க்கை அக்கா அந்தச் சன்னலில் கழற்றியதே கிடையாது. யார் வந்தாலும், தாளில் எது இருந்தாலும், ஒரே வாக்கியம்தான், ஒரே குரல்தான்: “டாக்டர்கிட்ட காட்டுங்க.”

போன மாதம் இன்னொரு டியூப் தனியாக வந்தது. ஒட்டியிருந்த பெயர் எனக்கும் தெரிந்த பெயர். அக்காவின் வீட்டுக்காரர். பள்ளி வேன் ஓட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். சில வாரங்களாக மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகும் ஒளித்து ஒளித்துப் பிடித்த சிகரெட்டுகள் அக்காவுக்குத் தெரியும். டியூபை வெளிச்சத்தில் சாய்த்து, பெயரை இரண்டு முறை படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஜோடி எங்க?” என்றார்.

சற்று நேரத்தில் வீட்டுக்காரரே சன்னலுக்கு வந்துவிட்டார். “ஏம்மா, சொந்தப் புருஷனையே திருப்பி அனுப்புறியா? எனக்கு ஊசின்னாலே ஆகாதுன்னு தெரியாதா?”

“ரத்தம் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வந்து டோக்கன் வாங்கி உட்காருங்க. வீட்டுலதான் நான் உங்க பொண்டாட்டி. இங்க வெறும் சன்னல்.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மறுநாள் காலை, நுண்ணோக்கியில் செல்களைப் பார்க்கும் டாக்டரம்மா சந்தேகப்படும்படி எதுவும் தென்படவில்லை என்று எழுதிவிட்டார். ஆனாலும் அக்கா யாரோடும் பேசவில்லை, இயந்திரத்தோடுகூட. எண்கள் வந்தன. மார்க்கர் ரத்தத்திலும் நீரிலும் தாழ்ந்தே இருந்தது. காசநோய்க்காகப் பார்க்கும் என்சைம் மட்டும் எகிறியிருந்தது. கெட்ட எண் வந்தால்தான் அக்கா இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்பார். அன்று நல்ல எண்ணை நம்பாமல் மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதுவே வந்தது.

கண்ணாடியைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, டி.பி.தான் போலிருக்கு!”

காசநோயை இத்தனை சந்தோஷமாகச் சொல்லும் குரலை வேறு எங்கே கேட்க முடியும்? “மாசக்கணக்கா மாத்திரை முழுங்கணும். முழுங்கட்டும்! பக்கத்துலயே நின்னு முழுங்க வைக்கிறேன்.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே, கையுறையோடு கண்ணைத் தொட்டதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டு முகம் கழுவ ஓடினார். எனக்கும் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். மற்றவர்களைப் போலவே அவரும் அக்காவின் கண்களைத்தான் பார்த்தார். அக்கா தாளை நீட்டினார். அதே குரல்.

“டாக்டர்கிட்ட காட்டுங்க.”

வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை, நகரவும் இல்லை. “ஏம்மா...” என்றார்.

அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. ஒரு விரலை விட்டு மாஸ்க்கை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டார்.