திரும்பி வந்த போட்டோக்கள்

அது எழுபதுகளில் ஒரு டிசம்பர். எங்கள் சித்தூர் சபையின் பெண்கள் கூட்டத்தில் போதகரின் மனைவி ஒரு யோசனை சொன்னார். கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கடையில் ஜிகினா உருண்டை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். குடும்பத்தார் போட்டோக்களை வட்டமாக வெட்டி, பழைய வளையலில் ஒட்டி மாட்டுங்கள். வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்களாம். வெள்ளைக்காரர் வீட்டில் ஆளுக்கு ஐம்பது போட்டோ இருக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் நைனா, அதாவது அப்பா, அம்மாவோடு நிற்கும் கல்யாணப் படம் ஒன்று இருந்தது. கண்ணாடி போட்டது, தொட்டால் தோலை உரிப்பார்கள். அடுத்தது நைனாவின் பள்ளிக்கூட ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த படம். அதில் அவர் தலை கொத்தமல்லி விதை அளவு. நான் இளையவள், போட்டோ எடுக்கும் தகுதியை இன்னும் அடையவில்லை. மீதி எல்லாம் அக்கா.

மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. பக்கத்தில் பிளாஸ்டிக் பூ, பின்னால் திரையில் வரைந்த ஏரி, முகத்தில் ஸ்டுடியோக்காரர் அள்ளிப் பூசிய பவுடர். ஒரே படத்தில் ஆறு பிரதி. வேலூர், தடா என்று ஊர் ஊராகப் போய் ஐந்து திரும்பி வந்துவிட்டன. "ஜெபம் பண்ணிப் பாத்தோம், தேவ சித்தம் இல்ல" என்பார்கள். எங்கள் ஜில்லாவில் தேவ சித்தம் பெண்ணின் நிறத்தையும் சங்கிலியின் கனத்தையும் பார்த்துத்தான் முடிவாகும். ஆண்டவர் பாவம், வாய் திறந்து மறுக்கவா போகிறார்? அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படம் திரும்பியது வெளியே தெரியக் கூடாது. ஒவ்வொரு வீட்டாரிடமும் நைனா, "உங்களுக்குத்தான் மொதல்ல அனுப்புறோம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பொய் சொல்லாமை பற்றிச் சிறுவர்களுக்குப் பாடம் எடுத்தவரும் அவரே. ஆறாவது படம் அப்போது நாயுடுபேட்டையில் இருந்தது. பையனுக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை. இந்தச் சம்பந்தமும் தவறினால் அக்கா வீட்டோடு தங்கிவிடுவாள் என்று பயந்து அம்மா உபவாசமிருந்து ஜெபித்தாள்.

அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தபோது அக்கா டிரங்குப் பெட்டியிலிருந்து ஐந்து படங்களையும் எடுத்து வந்தாள். ஒன்றில் யார் வீட்டுக் குழம்போ பட்டிருந்தது. இன்னொன்றின் மூலையைப் பல் குத்தக் கிழித்திருந்தார்கள். நான் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தேன். அக்கா முகங்களை மட்டும் வெட்டி, கண்ணாடி வளையல்களில் ஒட்டி, டீத்தூள் பாக்கெட்டின் வெள்ளித்தாளை ஓரத்தில் சுற்றினாள். டால்டா டின்னில் மணல் போட்டு நட்ட சவுக்குக் கிளை எங்கும் அக்காவாகவே இருந்தது. நைனாவும் ஒரு மூலையில் இருந்தார், தேடினால் கிடைப்பார்.

"ஒரே மூஞ்சிய இத்தினி தபா மாட்டிக்கினு கீறியே, பாக்கறவங்க என்னாடி கேப்பாங்க?" என்றாள் அம்மா.

"காசு குடுத்து எடுத்தது. பொட்டியில கெடந்து என்னா ஆவப் போவுது?" என்றார் நைனா. சிக்கனம் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் நாயுடுபேட்டைப் பையனின் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சித்தூரில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தாராம், பெண்ணையும் நேரில் பார்த்துவிடலாம் என்று எண்ணினாராம். அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முறுக்கு வைத்தாள். அவர் முறுக்கைக் கடித்தபடியே மரத்தைப் பார்த்தார். கடிப்பது நின்றது. கைப்பையிலிருந்து தம்மிடமிருந்த படத்தை எடுத்து மரத்தோடு ஒப்பிட்டார். ஏரி இல்லை, பூ இல்லை; பவுடர் அதேதான்.

"ஏமி மாஸ்டாரு இது? அஞ்சு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்களா? எங்களுக்குத்தான் மொதல்லன்னு சொன்னீங்களே!"

நைனா கூரையைப் பார்த்தார். அங்கிருந்து எந்த வசனமும் இறங்கவில்லை.

அந்த அம்மாள் படத்தை மேசைமேல் வைத்தார். "நாங்களும் ஜெபம் பண்ணிப் பாத்தோம். தேவ சித்தம் இல்லன்னு..."

"முறுக்கு துன்னுக்கினேவா ஜெபம் பண்ணீங்க, ஆன்ட்டி?" என்றாள் அக்கா.

அவர் எழுந்தார். மிச்ச முறுக்கை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. முதலில் அழுவாள், பிறகு அக்காவை அடிப்பாள் என்று காத்திருந்தோம். அம்மா மேசைமேலிருந்த படத்தை எடுத்து, எண்ணெய் விரல் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு தன் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி அக்காவிடம் நீட்டினாள்.

"இதையும் மாட்டு. எம் பொண்ணு இனிமே எவ பையிலயும் கெடக்க வேணாம்."