ரயிலை ராக்கெட் என்று படித்தேன்

இன்று லாரிகளின் வேகப் பதிவுகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் நான் முதலில் படித்த வரைபடத்தை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது.

பிளஸ் ஒன் சேர தாயில்பட்டியிலிருந்து விருதுநகர்ப் பள்ளிக்கு வந்திருந்தேன். கணக்கு டீச்சர் பலகையில் ஒரு வேக-நேர வரைபடம் வரைந்தார். சாய்ந்து ஏறும் கோடு, கொஞ்சம் கிடைக்கோடு, பிறகு சாய்ந்து இறங்கும் கோடு. என்ன நடக்கிறது என்று என்னைக் கேட்டார். ராக்கெட் மேலே போய், உச்சியில் வெடித்து, கீழே விழுகிறது என்றேன்.

அது ரயில். சாத்தூரில் கிளம்பி விருதுநகரில் நிற்கும் ரயில். வகுப்பு சிரித்து ஓய நேரமாயிற்று. பட்டாசுத் தொழில் நடக்கும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ராக்கெட் என்றுதான் சொல்வார்கள் என்பதை அங்கே யாரிடம் சொல்வது? மணி அடிப்பதற்குள் என் பெயரே ராக்கெட் ஆகிவிட்டது.

மாதத் தேர்விலும் கணக்கில் சறுக்கினேன். காமர்ஸுக்கு மாற்றலாமா என்று பேச வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொன்னார்கள். தீபாவளி சீசன். பட்டாசு கம்பெனியில் ஒரு நாள் லீவு கேட்டு அம்மா வந்தாள். கோயிலுக்குக் கட்டும் சேலை. நகக்கண்ணில் மட்டும் வெடிமருந்தின் வெள்ளி நிறம் போகவில்லை.

டீச்சர் படத்தைக் காட்டி என் பதிலைச் சொன்னார். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"சரியாத்தான டீச்சர் சொல்லியிருக்கா? ஏறும், உச்சியில கொஞ்சம் நிக்கும், வெடிக்கும், பெறகு குச்சி கீழ வரும். தெனம் நான் கட்டுற சரக்குல்ல?"

வாசலில் நின்ற என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் காது சுட்டது. டீச்சர் சிரிக்கவில்லை. அரையாண்டு வரை பார்ப்போம் என்றார்.

திரும்பும் பஸ்ஸில், அதில் என்ன தப்பு என்று அம்மா கேட்டாள். டிரைவருக்கு முன்னால் வேகமுள் தெரிந்தது. அதைக் காட்டி வரிசையாகச் சொன்னேன்: கோடு ஏறினால் வேகம் கூடுகிறது, கிடையாகப் போனால் அதே வேகத்தில் ஓடுகிறது, இறங்கினால் வேகம் குறைகிறது, அடிக்கோட்டைத் தொட்டால் வண்டி நின்றுவிட்டது. எதுவும் மேலே போகவில்லை, கீழே விழவும் இல்லை. சொல்லும்போதுதான் எனக்கே அது முழுதாகப் புரிந்தது.

அம்மா வெகுநேரம் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்ப அங்கன நான் பேசினதும் தப்பா, ஆத்தா?"

"ஆமா" என்றேன்.

முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

அரையாண்டில் நல்ல மார்க் வந்தது. குரூப்பை மாற்றவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஒங்கப்பாவக் கூட்டிட்டுப் போத்தா. நான் வந்தா எதையாச்சும் சொல்லிப்புடுவேன்."

தீபாவளி முடிந்து கம்பெனி அப்போது மூடிக் கிடந்தது. அம்மா வீட்டில் சும்மாதான் இருந்தாள்.