தறியில் கட்டிய வாட்ச்

இது நடந்தது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னால் என் மேல் உள்ள பழி குறையும். அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

சோமனூர் பக்கம் எங்களுக்கு எட்டு விசைத்தறி. வீட்டில் அப்பாவும் நானும்தான். போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் இழுத்துக்கொண்டது. தினமும் இரண்டாயிரம் அடி நடக்க வேண்டும், உட்கார்ந்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடும் என்றார் டாக்டர். ஜெர்மனியில் இருக்கும் அக்கா பிரீத்திகா ஒரு ஸ்மார்ட் வாட்ச் அனுப்பினாள். தனி சிம் போட்டது. அப்பா எத்தனை அடி வைத்தார் என்பது அங்கே அவள் போனில் தெரியும். குறைந்தால் எனக்கு போன் வரும்.

அப்பாவை நடக்க வைப்பது லேசான வேலை இல்லை. என் தோளைப் பிடித்துக்கொள்வார். இருபது அடிக்கு ஒருமுறை நிற்பார். ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டு தறியிலாவது நூல் அறுந்து நிற்கும்.

"அந்த வாட்ச்சைத் தறியில கட்டி உட்று சாமி," என்றார் ஒருநாள். "என்னையவிட அது நல்லா நடக்கும்."

சிரித்தோம்.

மறுநாள் கட்டினேன். முன்னும் பின்னும் அடிக்கும் பலகையில். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். இரண்டாயிரம் ஆகிவிடும். பிறகு அவர் கையில் மாட்டிவிடுவேன். அக்கா கைதட்டும் படம் அனுப்பினாள்.

நாற்பத்தொரு நாள் இப்படிப் போனது. கடைசி வாரத்தில் ஒரு மாலை, அப்பாவே நாற்காலியைப் பிடித்து எழுந்தார்.

"சித்த நடக்கலாமா கண்ணு? காலு கல்லாட்டம் இருக்குது."

அன்று அவசரமாகத் துணி கொடுக்க வேண்டியிருந்தது.

"ரெண்டாயிரம் ஆயிப்போச்சுங்கப்பா. உக்காருங்க."

என்னையே பார்த்தார். உட்கார்ந்தார்.

நான்காம் நாள் இறந்தார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டதாம். குளிப்பாட்டும் முன் வாட்ச்சைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ நடக்க வெச்சுப் பாத்தே கிருபா. நம்ம கையில இல்ல." பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அப்பா போன முப்பத்தெட்டாம் நாள். செவ்வாய்க்கிழமை. மாதாந்திர ஷட்டவுன், காலை ஒன்பது முதல் நான்கு வரை கரண்ட் கிடையாது. தறியோட்டுபவர்கள் வரவில்லை. நான் மட்டும் தறிக் குடோனில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தேன். தறி நின்றால் காதுக்குள் ஒரு இரைச்சல் இருக்கும். அது அடங்கச் சிறிது நேரம் பிடிக்கும்.

அடங்கியது. அப்போது மணி 2:14.

தப்... சர்ர்ர்...

எலி என்று நினைத்தேன்.

தப்... சர்ர்ர்... தப்... சர்ர்ர்...

மூன்றாம் தறிக்கும் நான்காம் தறிக்கும் நடுவில். அங்கேதான் அப்பாவை நடத்துவேன். எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. பாதி நெய்த துணி மட்டும் லேசாக ஆடியது. அதைப் பிடித்துக்கொண்டு யாரோ நகர்வதுபோல.

சத்தம் நின்றது, மறுபடி வந்தது. எண்ணிப் பார்த்தேன். இருபது அடிக்கு ஒருமுறை நின்றது.

தரையில் பஞ்சு படிந்திருந்தது. அதில் ஒரு கோடு. கால் இழுபட்ட கோடு.

என் கண் எதிரே... அது நீண்டது.

2:31. ஜெர்மனியிலிருந்து போன். அக்கா.

"கிருபா, அப்பா வாட்ச்சை யாருடா கட்டியிருக்கா?"

"யாருமில்லீங்கக்கா. பீரோவுல இருக்குது."

"முன்னூத்தி நாப்பது அடி காட்டுது. ஏறிட்டே இருக்குது."

ஓடினேன். பீரோவைத் திறந்தேன். வாட்ச் இருந்தது. திரை கறுப்பு. பொத்தானை அழுத்தினேன். உயிர் இல்லை. சார்ஜ் தீர்ந்து ஒரு மாதம் இருக்கும்.

"முன்னூத்தி அறுவது," என்றாள் அக்கா.

குடோனில்... தப்... சர்ர்ர்...

"போதுங்கப்பா" என்று சொல்ல வந்தேன்.

சொல்லவில்லை. அந்த மாலை சொன்னதே போதும்.

வாசலில் நின்றேன். கேட்டேன்.

நான்கு மணி வரை.

கரண்ட் வந்தது. ஒவ்வொரு தறியாகப் போட்டேன். எட்டும் ஓடின. அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

நடை நின்றதா... தெரியாது.

இரவு 7:20. அக்காவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தறி, பலகை, நாற்பத்தொரு நாள், "உக்காருங்க" என்றது. எல்லாம்.



"தெரியும்டா," என்றாள்.

"எப்படிங்கக்கா?"

"அந்த வாட்ச் நாடித்துடிப்பும் காட்டும். ரெண்டாம் நாளே பாத்துட்டேன். அடி ஏறுற நேரத்துல மட்டும் நாடி இருக்காது. கேட்டா, நீயே வந்து பாத்துக்கன்னு சொல்லுவியோன்னு... கேக்காம இருந்துட்டேன்."

அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. மூச்சுத்தான் வேகமாக வந்தது.

"கிருபா..."

"சொல்லுங்கக்கா."

"இன்னிக்கு நாடி இருக்குதுடா. எழுவத்திரெண்டு."