கோட்டில் குத்திய சிலுவை

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் ரயிலேறி என் எதிரே அமர்ந்த அந்த அம்மா, கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பதினொரு தடவை எண்ணியபின் எனக்கே பொறுக்கவில்லை.

"என்ன தங்கச்சி, ஏதும் துலைச்சுப்போட்டீங்களோ?"

"இல்லை அண்ணை. மண்ணுக்குள்ள தாட்டுப்போட்டன்."

அவருடைய கணவருக்கு டென்மார்க் அரசர் வீரர் சிலுவை என்ற பதக்கம் கொடுத்திருந்தாராம். செத்தவீட்டில் அதைக் கோட்டில் குத்தி, அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள். விருது பெற்றவர் இறந்தால் சிலுவையைத் திருப்பிக் கொடுப்பது இங்குள்ள விதி. இப்போது அரண்மனையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். நேரில் பதில் சொல்லக் கோபன்ஹேகனுக்குப் போகிறார்.

"அவரைத் தாட்ட கிடங்கைத் திறப்பினமோ, அண்ணை?"

"தெரியேல்லை. துலைஞ்சுபோச்செண்டு சொல்லுங்கோவன்."

"அவற்ற சிலுவையை நான் துலைச்சனெண்டோ? நல்ல கதை!"

கோபன்ஹேகனில் இறங்கும்போது திரும்பினார். "தோண்டத்தான் வேணுமெண்டால், முதல்ல என்னை அதுக்குள்ள இறக்கட்டும்."

சிரித்தபடிதான் சொன்னார், கைப்பையை மறுபடி திறந்து மூடினார்.

எந்தச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது எந்தச் சேமக்காலையில் புதுமண் குவிந்திருக்கக் கண்டாலும், அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கிறேன்.