ஏழாம் கிளை

பார்சல் கம்பெனியின் ஏழாம் கிளையில் இருபத்திரண்டு வருடமாகப் பதிவெழுத்தராக இருந்த பாட்டில் அக்காவுக்கு நாற்பத்தொன்பது வயது வரை எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. அப்போது அவருக்கு அந்தப் பட்டப்பெயரும் இல்லை. கெடுத்தது ஒரு தள்ளுவண்டி. பெட்டி ஏற்றிப் போன வண்டி, அலுவலக வாசலில் இருந்த மணி பிளான்ட் கொடியை உரசி ஒரு முழம் ஒடித்துப் போட்டது. குப்பையில் போட மனசு வராமல் அக்கா அதை வீட்டுக்குக் கொண்டுபோய், காலி ஜாம் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினார். ஒன்பதாம் நாள் கணுவிலிருந்து வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், ஆள் காலி.

அதற்குப் பிறகு அவர் தெருவில் நேராக நடந்ததே இல்லை. யார் வீட்டு வேலியைத் தாண்டி எது தலை நீட்டினாலும் கைப்பையிலிருந்து கத்தரிக்கோல் வெளியே வந்துவிடும். பல்லைக் காட்டப் போன இடத்தில் குரோட்டன்ஸ் குச்சியோடு திரும்பினார். பல்வலி அப்படியே இருந்தது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடக் கண் தொட்டிப் பக்கமே போயிற்று. அதற்காக வெட்கப்பட்டார். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை.

அவர் வீட்டு பால்கனியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். வெயில் விழுவது ஒரே ஒரு மூலையில். அந்த மூலையில் கணவரின் நாற்காலி. அவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். ஒல்லியான, அதிகம் பேசாத, காய்ந்த மனிதர். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்ததும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவது ஒன்றுதான் அவருடைய ஆடம்பரம். பாட்டில்கள் பெருகப் பெருக முதலில் முட்டியை மடக்கினார். பிறகு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இது வீடா, பழைய பாட்டில் கடையா?"

"நீங்க பாட்டுக்கு உக்காருங்க. அதுங்க உங்க வாயில வந்தா விழுது?"

தொட்டியும் உரமும் வாங்கப் போகும் செடிக்கடைக்கார அம்மா இவற்றைக் 'குச்சி' என்றுதான் சொல்வார். ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பார்சல் மேல் 'கிளை' 'கிளை' என்று எழுதித் தேய்ந்த கைக்கு வேறு எழுத வராது. பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அலுவலக டேப்பை ஒட்டி, கிளை 1, கிளை 2 என்று ஒன்பது வரைக்கும் எழுதினார். ஒவ்வொன்றின் நிலவரத்தையும் ஒரு தாளில் குறித்து, வாரம் தவறாமல் போட்டோ எடுத்துச் செடிக்கடை அம்மாவுக்கு அனுப்பி யோசனை கேட்பார்.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி தன் ஒன்பது கிளைகளில் மூன்றை மூடப் போகிறது என்ற செய்தி வந்தது. ஏழாம் கிளை இருந்தது ஒரு சந்துக்குள் சந்து. வாடிக்கையாளர்கள் தேடி அலுத்துப் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். அதை மூடினால் அக்கா ஒன்பதாம் கிளைக்குப் போக வேண்டும். நான்கு மணி நேர பஸ், அங்கேயே விடுதி, வாரத்துக்கு ஒரு நாள் வீடு. 'அப்புறம் பாட்டில்களுக்கு யார் தண்ணீர் மாற்றுவது?' என்று பதறினார். கணவருக்கு யார் சமைப்பது என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அந்த வரிசை அவருக்கே பயமாக இருந்தது.

தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளிலும் இருக்கிற மூத்த ஊழியரிடம் கருத்து கேட்டது. ஒன்பது கிளைகளைப் பற்றியும் கைப்பட எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அக்கா யாரையும் பகைத்துக்கொள்ளாமல், 'அனைத்துக் கிளைகளும் சிறப்பாகச் செயல்படுகின்றன' என்று அழகாக எழுதி அனுப்பினார். அன்றைக்கே செடித் தாளையும் அனுப்பினார். சாயங்காலம் செடிக்கடை அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

"அக்கா, எல்லாக் கிளையும் சிறப்பாச் செயல்படுதாமே, ரொம்ப சந்தோஷம். அப்புறம் என்கிட்ட என்ன கேக்குறீங்க?"

அப்படியென்றால் பெரியவர்களிடம் போனது எது? அக்கா போனில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியதைத் திறந்து பார்த்தார்.

'கிளை 2: தண்ணி அதிகம். வேரே அழுகிவிட்டது. கிட்டப் போனால் நாற்றம்.
கிளை 4: எறும்பு மொய்க்கிறது. எங்கோ இனிப்பு ஒழுகுகிறது.
கிளை 5: தலையைக் கிள்ள வேண்டும். கிள்ளினால்தான் பக்கத்தில் துளிர்க்கும்.
கிளை 7: பார்த்தால் செத்த மாதிரி இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை. தூக்கி எறியக் கூடாது. வெளிச்சத்துக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும்.'

இரண்டாம் கிளை மேலாளர் எப்படிப்பட்ட 'தண்ணி'க்காரர் என்பது கம்பெனிக்கே தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரியே நேரில் வந்துவிட்டார். கையில் அந்தத் தாளின் நகல். பக்கத்தில் ஏழாம் கிளை மேலாளர் வெளிறிப்போய் நின்றார்.

"ஏம்மா, இதை எழுதினது நீங்களா?"

"ஆமா சார். ஆனா அது வந்து... அது செடி சார்."

"என்னது?"

"எங்க வீட்டு பால்கனியில இருக்குற குச்சிங்க சார். தெரியாம உங்களுக்கு அனுப்பிட்டேன். மன்னிச்சிருங்க."

அதிகாரி தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"நேத்து சொல்லாம கொள்ளாம ரெண்டாம் கிளைக்குப் போனேன். காலையில பதினோரு மணி. கிட்டப் போகவே முடியல. அதுவும் செடிதானா?"

மேலாளர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார்.

"மத்த எட்டு பேரும் எல்லாம் சிறப்புன்னு எழுதியிருக்காங்க. செடியோ கொடியோ, உருப்படியா எழுதினது நீங்க ஒருத்தர்தான். இந்தக் கிளையை மெயின் ரோட்டுக்கு மாத்துறோம். ஆறு மாசம் பாக்கலாம்."

அக்கா அன்று பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. நடந்தே, கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தார். சந்தோஷத்தில் முதலில் பால்கனிக்குப் போனால் ஆறும் இருக்கிறது, எட்டும் இருக்கிறது. ஏழாம் டப்பாவைக் காணோம்.

"என்னங்க, ஏழு எங்க?"

"அந்தக் காகிதப்பூவா? செத்துப்போச்சேன்னு குப்பைக்கூடையில போட்டேன். காலை நீட்ட இடம் வேணாமா எனக்கு?"

அக்கா கூடைக்குள் தோள் வரை கையை விட்டு, டப்பாவையும் அந்த மொட்டைக் குச்சியையும் வெளியே எடுத்தார். குச்சியை நகத்தால் சுரண்டினார். மயிரிழை அளவு பச்சை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். அழுகையும் சிரிப்புமாக நடந்ததை எல்லாம் சொன்னார்.

கணவர் எழுந்தார். வெயில் மூலையில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கிக் கூடத்துக்குள் வைத்தார். அந்த இடத்தில் ஏழாம் டப்பாவை வைத்து, குச்சியை வாங்கி ஊன்றினார். பிறகு கொஞ்சம் தயங்கி, சட்டைக் கையை மடித்து அக்காவின் முன்னால் கையை நீட்டினார்.

"எல்லாத்தையும் சுரண்டிப் பாத்துட்ட. இதையும் ஒரு தடவ பாரு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் காய்ந்த கையில் நகத்தால் மெல்லக் கீறினார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பச்சையாத்தாங்க இருக்கு," என்றார். எழுந்து போய் நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து, ஏழாம் டப்பாவுக்குப் பக்கத்தில், வெயில் படும்படி போட்டார்.