மீராசாஹிபு ஓடாவி களவாகச் சேர்த்த இரண்டு நூல்

வட்டப் பலகையின் முதுகில் சீவுளி ஓடிக்கொண்டிருந்தது. வலது கை தள்ள, இடது கைப் பெருவிரல் பின்னாலேயே தடவிப் பார்த்துக்கொண்டு போனது. சீவல் சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் அளவு சரியாகிவிடும். கைகள் அந்த இடத்தில் நின்றன. காதிலிருந்த பென்சில் இறங்கி அடிமட்டத்தில் ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் காதில் ஏறியது. சீவுளி கீழே போனது.

“இது என்னது, ரொட்டி தட்டுற பலகையா?” என்று கதவடியில் நின்ற ஸுல்பிகா கேட்டாள்.

“மெஷின்” என்றார் கைகளுக்குரியவர்.

“மெஷினா? கரண்டு எங்கால போற?”

“உசிரு கட்டாருல இரிக்கி. ஒடம்பு மட்டும்தான் இஞ்ச.”

முப்பத்தைந்து வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் ஸுல்பிகா. புருஷன் ஒரு கேள்விக்கு இவ்வளவு இனிமையாகப் பதில் சொன்னால் அதற்குள் ஏதோ களவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் களவு என்னவென்றுதான் தெரியவில்லை.

மீராசாஹிபு கிழக்குக் கடற்கரை ஊரான சாய்ந்தமருதில் ஓடாவி. தச்சு வேலைக்காரரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். முதலில் தோணி கட்டினார். யாரும் உட்காரவைத்துப் பழக்கவில்லை. ஒலுவில் கரையில் உடைந்து கிடந்த தோணிகளைக் கழற்றிக் கழற்றிப் பார்த்து, எந்தப் பலகைக்குப் பிறகு எந்தப் பலகை என்று பின்னாலிருந்து முன்னாலே படித்துக்கொண்டவர். “அதால இவருக்குக் கழட்டுற வேலதான் திறமா வரும்” என்பாள் ஸுல்பிகா. ஆனால் அளவில் அவரைப் பிழை பிடித்தவர் இல்லை. ஓடாவிமாருக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஒரு நூல் கூடியிருந்தாலும், பூட்டிய கதவைக் கழற்றிச் சீவிவிட்டுத்தான் சோறு தின்பார்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலையில், அவருடைய பாதி முடிந்த தோணி ஓர் ஆணியும் கழலாமல் இரண்டு தெரு தாண்டிப் போய், ஒரு வீட்டுக் கிணற்றுக்கு மூடி போட்டதுபோல் குந்தியிருந்தது. “முடிக்காத தோணிக்கே இந்த ஓட்டம்” என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். எதிர்வீட்டுக் காலிதீன் குடும்பத்தைப் பற்றிச் சிரிக்கமாட்டார். அந்த வீட்டில் காலையில் ஏழு பேர் இருந்தார்கள். பின்னேரம் எண்ணியபோது ஐந்து பேர்.

அதற்குப் பிறகு அவர் தோணி கட்டவில்லை. ஊரெல்லாம் புது வீடுகள் எழும்பின. எல்லோருக்கும் கதவு நிலை வேண்டியிருந்தது. அவர் செய்த ஒவ்வொரு நிலைக்கும் கீழே மூன்று அங்குல உயரத்தில் ஒரு வாசற்படிக் கட்டை இருந்தது. வெளி வாசலுக்கு மட்டுமல்ல, அறைக்கும் சமைக்கிற குசினிக்கும் கூட. “படி கடல நிப்பாட்டாது. ஆனா கதவத் தட்டிட்டு வரச் சொல்லும்” என்பது அவருடைய நியாயம். அவருடைய படியில் கால்விரல் பெயராத ஆள் அந்தத் தெருவில் இல்லை. கலியாணம் பேச வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், உள்ளே வரும்போது ஒருமுறையும் வெளியே போகும்போது ஒருமுறையும் தடுக்கி, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நொண்டிக்கொண்டே போனதாகவும் ஒரு கதை இருக்கிறது.

காலிதீன் தன் மகள் மர்ஷூதாவுக்கு, ஊர் வழக்கப்படி, சீதன வீடு கட்டியது இரண்டாயிரத்து ஆறில். எதிர்வீட்டு ஓடாவிக்குத்தான் மர வேலை. படுக்கையறை நிலை பூட்டுகிற நேரம் மணப்பெண் வந்து, படிக் கட்டையின் மேல் காலை வைத்து நின்று பார்த்தாள்.

“இன்னும் ஒரு அங்குலம் ஒசத்தேலுமா மாமா?”

“நாலு வெச்சா அது படி இல்ல புள்ள, மதில்” என்றார் அவர்.

அவள் கட்டையிலிருந்து காலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கடலுக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று ஆறு மாதம் அழுதவள், அந்த அறையில் உறங்கத் தொடங்கினாள். அந்தக் கட்டையைக் கால்மாட்டில் பார்த்துக்கொண்டு படுத்தால்தான் கண் மூடுகிறது என்று ஸுல்பிகாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஸுல்பிகாவிடம் மட்டும் சொன்னதெல்லாம் ஓடாவிக்கும் தெரியும்.

நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடம் போனது. மர்ஷூதாவின் முதுகெலும்பில் ஒரு வட்டு விலகிவிட்டது. குனியவே கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். கடற்கரை வீட்டில் குனியாமல் மண் கூட்டுவது எப்படி? காலையில் கூட்டினால் பகலுக்கு மண். பகலில் கூட்டினால் அஸர் தொழுகைக்கு மண். ஸுல்பிகா தன் வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு தெருவைத் தாண்டிப் போய் அந்த வீட்டையும் கூட்டினாள். உள்ளே இருந்த மூன்று படிக் கட்டைகளின் மூலையிலும் மண் போய் ஒளிந்துகொண்டது.

“ஒங்கட படி கடலுக்கு வெச்சதில்ல. என்ட இடுப்புக்கு வெச்சது” என்று புருஷனிடம் தினமும் ஒருதரம் சொன்னாள்.

இதைக் கேட்டுத்தான் கட்டார் நாட்டில் வேலை செய்த மர்ஷூதாவின் புருஷன் றிஸ்வான் ஒரு யோசனை அனுப்பினான். தரையில் தானாக ஓடித் திரிந்து குப்பை உறிஞ்சுகிற மெஷின் அங்கே கடையில் இருக்கிறதாம். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. எது நம்மட வீட்டுக்குச் சரி என்று பார்த்துச் சொல் என்று இரண்டின் படத்தையும் மின்னஞ்சலில் போட்டிருந்தான். கல்முனையில் அச்செடுத்த தாள்களோடு மர்ஷூதா எதிர்வீட்டுக்கு வந்தாள்.

“கறுப்பு ஒம்பதரை சென்ரிமீற்றர் ஒசரம். வெள்ளை ஏழு தசம் ஒம்பது. ரெண்டும் ரெண்டு சென்ரிமீற்றருக்கு மேல படி ஏறாதாம் மாமா.”

“ஏறாதா? அப்ப அது மெஷின் இல்ல, ஆமை.”

“அதால அந்த மூணு படியையும் அரிஞ்சி எடுத்திடுங்க.”

ஓடாவி தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வீட்டில் படியை அரிந்தால் விரல் பெயர்ந்த முப்பது வீட்டாரும் எங்கள் படியையும் அரி என்று மரம் அரிகிற வாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் முதுகு நோகிற பிள்ளையிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

“அரியலாம் புள்ள. மறுகா மெஷின் வந்து அலுமாரிக்குக் கீழ போகாட்டி, அரிஞ்ச படிய ஒட்டேலுமா? முதல்ல அது போகுதா எண்டு பாப்பம். நான் ரெண்டு பொய் மெஷின் செஞ்சி தாறன்.”

அப்படிச் செய்யப்பட்டதுதான் அந்த வட்டப் பலகை. மேலும் கீழும் பலகை, சுற்றிவரக் கட்டை, நடுவில் பாரத்துக்குக் கடல் மண். ஒன்றுக்குக் கரி பூசினார், மற்றதற்குச் சுண்ணாம்பு. அந்த வீட்டு அலுமாரியைச் செய்தவரும் அவரேதான். அதன் அடி இடைவெளி மூன்று அங்குலமும் இரண்டு நூலும் என்று அவருக்கு உறக்கத்திலும் தெரியும். வெள்ளை மெஷினின் உண்மை உயரம் மூன்று அங்குலமும் ஒரு நூலும். வெள்ளைப் பலகையின் உயரம் மூன்று அங்குலமும் மூன்று நூலும். வாழ்க்கையில் முதன்முதலாக ஓர் அளவைத் தெரிந்துகொண்டே பிழையாக விட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, அலுமாரி நின்ற சின்ன அறையில் சோதனை. காலிதீன் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். ஓடாவி ஒரு நீளத் தடியால் கறுப்பைத் தள்ளினார். அது கட்டிலுக்குக் கீழே போனது, மேசைக்குக் கீழே போனது, அலுமாரியில் போய் முட்டி நின்றது.

“கறுப்பு சரிவராது” என்றார் மிகுந்த துக்கத்தோடு.

வெள்ளையைத் தள்ளினார். அதுவும் அலுமாரியில் முட்டியது. இன்னொரு முறை தள்ளினார், பாவம் பார்த்ததுபோல். முட்டியது.

“அலுமாரிக்குக் கீழதானே மண் முழுக்க இரிக்கி? போகாத மெஷினுக்கு என்னத்துக்குக் காசு? றிஸ்வான்ட சொல்லுங்க, வெளக்குமாறு வாங்கி அனுப்பட்டும்.”

“கட்டாருல வெளக்குமாறு இரிக்கா?” என்று காலிதீன் அக்கறையாகக் கேட்டார்.

மர்ஷூதா அதற்குள் ஒரு பள்ளிக்கூட அடிமட்டத்தை எடுத்துவந்து, குனியாமல் முழந்தாளிட்டு, வெள்ளைப் பலகையின் பக்கத்தில் வைத்தாள். பார்த்தாள். மறுபடியும் வைத்தாள்.

“மாமா, இது எட்டரைக்கும் மேல போகுது.”

மூலையில் நின்ற ஸுல்பிகா மெதுவாக முக்காட்டால் வாயைப் பொத்தினாள்.

“மரம்தானே புள்ள” என்றார் ஓடாவி. “ஈரத்துல ஊதிரிக்கும்.”

“என்ன ஈரம்? மழ கண்டு ஏழு மாசம்.”

“கறுப்பு ஊதல்லயா?” என்று காலிதீன் கேட்டார்.

“அது கறுப்புத்தானே” என்றார் ஓடாவி. சொல்லிவிட்டு, அது என்ன காரணம் என்று அவருக்கே விளங்கவில்லை.

“சீவுளிய நான் எடுத்துட்டு வாறன்” என்று ஸுல்பிகா கிளம்பினாள். அவ்வளவு வேகமாக அவள் தெருவைக் கடந்ததை யாரும் கண்டதில்லை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மீராசாஹிபு ஓடாவி தாம் களவாகச் சேர்த்த இரண்டு நூலையும் சீவி எடுத்தார். சுண்ணாம்புச் சீவல் மடியில் விழுந்தது. பிறகு தள்ளினார். வெள்ளை அலுமாரிக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கத்தால் ஒரு பழைய செருப்பையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

“வெள்ளைதான்” என்றாள் மர்ஷூதா. அவரிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. அவருக்கு அதுதான் கூடுதலாக உறைத்தது.

அடுத்த நாளே வாளோடு போனார். குசினிப் படியை அரிந்தார். சின்ன அறைப் படியையும் அரிந்தார். படுக்கையறைப் படியில் வாளை வைத்தபோது மர்ஷூதா சொன்னாள்:

“அது பொறகு பாப்பம் மாமா.”

“இந்தக் கட்டிலுக்குக் கீழதான் புள்ள மண் கூட. அதுக்குள்ளதான் உனக்குக் குனிய ஏலா.”

“ஓம். தெரியும். அது பொறகு.”

ஓடாவி வாளைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் உளியைத் தொடவில்லை. படியை அரிந்தால் அந்தப் பிள்ளைக்கு உறக்கம் போகும், விட்டால் முதுகு போகும். அவருடைய மூன்று அங்குல வீம்பு இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் மரம் பார்க்க இறக்காமத்துக்குப் போனார். சண்டைக் காலத்தில் அந்தப் பாதையில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பலகையை இறக்கி ஏற்ற வேண்டும். “ஊர் வந்து சேர முந்தியே மரம் காஞ்சி பதமாயிரும்” என்பார். இப்போது யாரும் மறிக்கவில்லை. வழியில் ஒரு வாய்க்காலடியில் ஒரு வயற்காரர் நின்றிருந்தார். மதகின் இரண்டு சுவரிலும் நெடுக்காகப் பள்ளம். அந்தப் பள்ளத்தில் பலகையை இறக்கினார், தண்ணீர் நின்றது. தூக்கினார், தண்ணீர் போனது.

ஓடாவி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பார்த்தார்.

“என்ன காக்கா, வாய்க்கால் வாங்கப் போறீங்களா?” என்று அண்ணன் முறை வைத்து வயற்காரர் கேட்டார்.

“படி வாங்கப் போறன்” என்றார் இவர்.

மரம் வாங்காமலேயே திரும்பினார். மர்ஷூதா வீட்டு மூன்று நிலையின் கால்களிலும் பள்ளம் எடுக்க ஒன்றரை மாதம் பிடித்தது. உளி பட்ட இடமெல்லாம் திரும்பத் திரும்ப மெழுகு தேய்த்தார். படுக்கையறைப் படியை மட்டும் கடைசிவரைக்கும் அரியவில்லை. பள்ளத்தில் இறக்குகிற பலகை தயாராகாமல் கட்டையில் வாள் வைக்கக்கூடாது என்று தமக்குத் தாமே சொல்லியிருந்தார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது றிஸ்வான் பெட்டியோடு வந்திறங்கினான். வெளியே ஐப்பசி மழை. வெள்ளை மெஷின் விறாந்தையில் ஓடியது, குசினிக்குள் ஓடியது, காலிதீனைத் துரத்தியது. சின்ன அறை அலுமாரிக்குக் கீழே, ஓடாவி கணக்குப் போட்ட ஒரு நூல் இடைவெளியோடு, போய்விட்டு வந்தது. படுக்கையறை வாசலுக்கு வந்ததும் படிக் கட்டையில் முட்டி, திரும்பி, மறுபடியும் முட்டியது.

“இதுக்கும் வெரல் பேந்துட்டு” என்றார் காலிதீன்.

அப்போதுதான் ஓடாவி நனைந்த சாக்கொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் ஸுல்பிகா குடை பிடிக்க, உள்ளே வந்தார். மர்ஷூதாவின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். கட்டையை அரிந்து எடுக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மெஷின் காத்திருந்ததுபோல் உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே நுழைந்தது. ஸுல்பிகா அதன் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, தன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, ஒரு பெருமூச்சு விட்டாள்.

ஓடாவி சாக்கை அவிழ்த்தார். மூன்று பலகைகள். அடையாளத்துக்குத் தலைப்பில் ஒரு வெட்டு குசினிக்கு, இரண்டு வெட்டு சின்ன அறைக்கு, மூன்று வெட்டு இந்த அறைக்கு. ஒவ்வொன்றிலும் தோணிக் கயிற்றில் நீளமாக ஒரு பிடி.

“கயித்தப் புடிச்சி மேல இழு, வந்திரும். புடிச்சி விடு, இறங்கிரும். குனியத் தேவல்ல. பகலைக்கு மெஷின் ஓடட்டும். படுக்கப் போகக்குள்ள இறக்கு.”

முதலிரண்டையும் றிஸ்வானிடம் கொடுத்தார். மூன்றாவதை மர்ஷூதாவிடம் நீட்டினார். அவள் ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனை அவர் கையில் இருந்தது. பிடித்தபடியே மேசையிலிருந்த பள்ளிக்கூட அடிமட்டத்தை மற்றக் கையால் எடுத்து, பலகையின் உயரத்தில் வைத்தாள். பார்த்தாள். மறுபடியும் வைத்தாள்.

“மாமா, இது மூணு அங்குலம் இல்லயே. பத்து சென்ரிமீற்றருக்கு மேல வருது. நாலு.”

ஓடாவி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் காதில் செருகினார்.

“மரம்தானே புள்ள. இப்ப மழ பெய்யிதுதானே, ஊதிரிக்கும்” என்றார், பலகையின் மறுமுனையையும் அவள் கையில் விட்டுவிட்டு.