அன்ரனின் தோள் நோ

போன சனிக்கிழமை யாழ்ப்பாணம் போக பஸ் ஏறினேன். மண்கும்பானில் அன்ரன் ஏறி என் பக்கத்தில் இருந்தான். இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் கடற்றொழிலாளி.

"எங்க ஐசே, ரவுணுக்கோ?"

"ஓம் அண்ணை. மனவருத்தத்துக்குப் பாக்கிற டொக்டரிட்டைப் போறன். மருந்து முடிஞ்சுது."

சொன்னது எனக்கு, கேட்டது முழு பஸ்ஸுக்கும். கதைத்துக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனோ பல்லுப் பிடுங்கப் போகிறவன் மாதிரி அமைதியாக இருந்தான்.

நான் கேட்கக் கேட்க, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரியே முழுக் கதையையும் சொன்னான். போன வருஷம் இவனுக்குத் தோள் நோ. பிறகு வயிற்றெரிவு, நித்திரையின்மை, காலையில் எழும்பவே ஏலாத களை... எண்ணெய் பூசினார்கள், நூல் கட்டினார்கள், எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். எல்லாம் சரியாம். அப்படியென்றால் வேறென்ன, பஞ்சிதான், வெறும் சோம்பல்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அவன் அக்கா றீற்றா அதை நம்பவில்லை. விடியமுன் வலை இழுக்கிறவனுக்குத் திடீரென்று எப்படிப் பஞ்சி வரும்? ஒருநாள் குசினியில் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள்.

"தம்பி, உனக்கு இந்த நோ எப்ப தொடங்கினது?"

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னானாம்.

"சேவியர் செத்த பிறகுதான் அக்கா."

சேவியர் அவனோடு ஒரே வள்ளத்தில் போகிற சிநேகிதன். அன்ரன் காய்ச்சலென்று வீட்டில் நின்ற நாளில் தனியாகப் போனான். காற்றில் வள்ளம் கவிழ்ந்து, உடல்தான் கரைக்கு வந்தது. செத்தவீட்டில் அன்ரன் அழவேயில்லை. அந்த அழுகைதான் தோளிலும் வயிற்றிலும் போய் இருந்திருக்கிறது.

டொக்டரிடம் போவோம் என்றாள் றீற்றா. "சனம் விசர் எண்டு சொல்லும்" என்று தாய் மறித்தார்.

"சொல்லட்டும் அம்மா. சொல்லுற சனமே இவனுக்கு நித்திரை தரப்போகுது?"

கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் மருந்தும் கொடுத்தார், ஆறுதலாக இருந்து கதையும் கேட்டார். அங்கேதான் அன்ரன் முதன்முதலாக அழுதானாம். சுகம் ஒரேயடியாக வரவில்லை. முதலில் நித்திரை வந்தது, பிறகு பசி. இப்போது கடலுக்குப் போகிறான். காற்றடிக்கும் நாட்களில் இன்னும் தோள் நோகிறதாம். அதையும் மறைக்காமல் சொல்கிறான்.

பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது, பின் சீற்றில் இருந்த அம்மா ஒருவர் எட்டி மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, என்ர மகளுக்கு எந்த நேரமும் தலையிடி. சாப்பிடுறாளுமில்லை. எல்லா இடமும் காட்டியாச்சு. அந்த டொக்டர் எந்த நாளில வருவார்?"

"செவ்வாயும் சனியும் அம்மா. அதுக்கு முதல் நீங்கள் அவவோட இருந்து கதைச்சுப் பாருங்கோ."

துணிவும் ஒட்டுகிற வியாதிதான் போல.